மஞ்சவாடி கணவாயில் வரும் பயம்: நீட் எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு விலங்கியல் ஆசிரியை சொல்வது

அரூரிலிருந்து மஞ்சவாடி கணவாய் வழியாகச் சேலம் போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். நீட் நடக்கும் மே மாத ஞாயிற்றுக்கிழமைகளில், சேலத்தில் மையம் கிடைத்த என் பள்ளிப் பிள்ளைகளோடு அந்தப் பஸ்ஸில் நானும் போவேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள் நான். கணவாயின் வளைவுகளில் பஸ் திரும்பத் தொடங்கும்போது பிள்ளைகளின் பேச்சு நின்றுவிடும். ஒருத்தி ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்திருப்பாள். ஒருவன் மடியில் நோட்டை விரித்து, ஒரே பக்கத்தை அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருப்பான். "மிஸ், படித்ததெல்லாம் மறந்துபோன மாதிரி இருக்கிறது" என்று எவராவது ஒருவர் சொல்லாமல் ஒரு வருடம்கூட நாங்கள் அந்தக் கணவாயைத் தாண்டியதில்லை.

அந்தப் பயத்தை நான் அனுபவித்திருக்கிறேன். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று 300க்குக் கட் ஆஃப் போட்ட காலத்தில், 1999இல், தமிழ்நாட்டுப் பொது நுழைவுத் தேர்வை எழுதினேன். உயிரியல் வினாத்தாளைத் திறந்ததும் முதல் கேள்வியைப் படித்தேன். மறுபடி படித்தேன். ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்தான், ஆனால் கேள்வி என்ன கேட்கிறது என்பது மண்டையில் ஏறவில்லை. இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெளியே புளியமரத்தடியில் அப்பா நின்றிருந்தார். மரவள்ளி பயிரிட்ட இரண்டு ஏக்கரை நம்பி எங்களைப் படிக்கவைத்தவர். பஸ்ஸைவிட்டு இறங்கும்போது, "நீ டாக்டர் ஆகிவிட்டால் நம் கஷ்டம் தீர்ந்துவிடும் கண்ணு" என்று அன்போடு சொல்லி அனுப்பினார். அந்த இருபது நிமிடமும் என் காதில் வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்த நுழைவுத் தேர்வு 2007இல் நீக்கப்பட்டது. பத்து வருடம் கழித்துத் தமிழ்நாட்டுக்கு நீட் வந்தது. நீட் வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதைப் பேச வேறு இடம் இருக்கிறது. மே மாதம் என் முன்னால் நிற்பது கைநடுங்கும் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்கிறேனோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வகுப்பில் பேசுவதுபோல "நீ" என்றே எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பயம் வந்தால் உடம்பில் என்ன நடக்கிறது

இதை நீ பதினொன்றாம் வகுப்பிலேயே படித்திருக்கிறாய். நரம்பு மண்டலப் பாடத்தையும் நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தையும் எடு. ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் பரிவு நரம்புகள் வேலையைத் தொடங்குகின்றன. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் மெடுல்லா அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயத் துடிப்பு ஏறுகிறது. இரத்தம் குடலைவிட்டுத் தசைகளுக்குப் போகிறது, அதனால்தான் வயிற்றைப் பிசைகிறது. உமிழ்நீர் குறைந்து நாக்கு ஒட்டுகிறது. உள்ளங்கை வியர்க்கிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு தயாராகிறது. புலியைப் பார்த்த மானுக்கு இது உயிர்காக்கும் ஏற்பாடு. மேசை முன்னால் மூன்று மணி நேரம் உட்கார வேண்டிய உனக்கு, ஓட இடமில்லாததால் இது தொந்தரவாகத் தெரிகிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நெஞ்சு படபடக்கும்போது பெரும்பாலான பிள்ளைகள், "எனக்குப் படபடக்கிறது, அப்படியானால் நான் சரியாகப் படிக்கவில்லை" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். முதல் பயத்தைவிட இந்த இரண்டாவது எண்ணம்தான் அதிகம் கெடுக்கிறது. படபடப்புக்கும் நீ படித்ததற்கும் சம்பந்தம் இல்லை. நன்றாகப் படித்தவர்களுக்கும் கை வியர்க்கும். என்னிடம் படித்து இன்று அரசு மருத்துவக் கல்லூரியில் இருக்கும் ஒரு பையன், தேர்வன்று காலை இரண்டு முறை வாந்தி எடுத்தவன்.

ஆகவே பயத்தை விரட்ட முயலாதே. வந்தால், "அட்ரினலின் வேலை செய்கிறது" என்று மனதுக்குள் பெயர்சொல்லிக் கூப்பிடு. பாடமாகப் படித்ததை உன் உடம்பிலேயே பார்க்கிறாய், அவ்வளவுதான்.

இன்னொன்று. இதயத்தை நேரடியாக மெதுவாக்க உன்னால் முடியாது, மூச்சை முடியும். மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைச் சற்றே தாழ்த்துகிறது. அதனால் இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். நான்கு எண்ணும்வரை மூக்கால் இழு. ஏழு அல்லது எட்டு எண்ணும்வரை மெல்ல விடு. ஐந்தாறு முறை போதும். இதைத் தேர்வறையில் முதன்முதலாகச் செய்து பார்த்தால் பலன் தராது. இரண்டு மாதத்துக்கு முன்பிருந்தே, தினமும் இரவு படுத்ததும் செய்து பழகு. பழகிய உடம்புதான் அவசரத்தில் சொல்பேச்சுக் கேட்கும்.

ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி

என்னிடம் ஒரே ஒரு யோசனையைத்தான் கேட்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். நீட் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடிகிறது. நம் பிள்ளைகள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படிக்கிறார்கள், மாதிரித் தேர்வைக் காலை பத்து மணிக்கு எழுதுகிறார்கள். பிற்பகல் இரண்டு மணி என்பது சாப்பிட்டுவிட்டுக் கண் சொருகும் நேரம். அதுவும் அக்னி நட்சத்திரம் தொடங்கும் நாட்களில். அந்த நேரத்தில் மூளையை வேலைவாங்கிப் பழகாத பிள்ளை, வழக்கமான மதிய மந்தத்தையே பயமாக எடுத்துக்கொள்ளும்.

அதனால் மார்ச் மாதக் கடைசியில் பொதுத்தேர்வு முடிந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் பள்ளியில் சரியாக 2 மணிக்கு மணி அடிப்போம். எல்லாம் அன்று நடக்கப்போகிற மாதிரியே. 11 மணிக்கே மதியச் சாப்பாடு. அரைக்கை உடை, செருப்பு. கையில் கடிகாரம் கிடையாது, ஏனென்றால் மையத்தில் அனுமதிக்க மாட்டார்கள். அறையில் இருக்கும் சுவர்க் கடிகாரம் உன் கண்ணுக்கு நேராக இருக்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே கழுத்தைத் திருப்பிப் பார்த்து நேரம் கணக்கிடும் பழக்கம் வேண்டும். மின்விசிறியைப் பாதி நேரம் நிறுத்திவிடுவேன். பக்கத்து வகுப்பில் பெஞ்சை இழுத்துச் சத்தம் போடச் சொல்வேன். முதல் வாரம் பிள்ளைகள் என்னைக் கோபமாகப் பார்ப்பார்கள். மூன்றாவது வாரம் பெஞ்சு சத்தத்துக்கு யாரும் தலையைத் தூக்குவதில்லை.

ஓ.எம்.ஆர். தாளிலும் இதே கதைதான். அச்சடித்த தாளில், கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் வட்டத்தை நிரப்பித்தான் பழக வேண்டும். கைப்பேசியில் தொட்டுத் தொட்டு மாதிரித் தேர்வு எழுதிய பிள்ளைக்கு 180 வட்டம் நிரப்ப எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதே தெரியாது. ஒரு வட்டத்துக்கு ஐந்து விநாடி என்றாலும் பதினைந்து நிமிடம் போய்விடும். எங்கள் பள்ளியில் ஒருத்தி, நன்றாகப் படிக்கிற பெண், எல்லா விடையையும் வினாத்தாளில் டிக் செய்துவிட்டுக் கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்றிருந்தாள். மணி அடித்தபோது முப்பதுக்கும் மேற்பட்ட வட்டங்கள் வெள்ளையாக இருந்தன. விடை தெரிந்த கேள்விகள் அவை. அன்று மாலை பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து அழுததை இன்றும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு எங்கள் பள்ளியில் சட்டம் ஒன்றுதான்: ஒரு பக்கம் முடிந்தால் அந்தப் பக்கத்துக்கு உரிய வட்டங்களும் முடிந்திருக்க வேண்டும்.

மாதிரித் தேர்வு மதிப்பெண்ணை யாரிடமும் ஒப்பிடாதே. நாடு முழுக்க இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகிறார்கள் என்ற எண்ணை நினைத்து ஒரு பயனும் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால், 2020இல் தமிழ்நாடு கொண்டுவந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் உன் வரிசை தனி. உன் போன வார மதிப்பெண், இந்த வார மதிப்பெண், எந்தப் பாடத்தில் எத்தனை தவறு, அந்தத் தவறு தெரியாததாலா அவசரத்தாலா என்று ஒரு நோட்டில் எழுது. தெரியாததால் வந்த தவறுக்குப் படிக்க வேண்டும், அவசரத்தால் வந்ததற்குப் பழக வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதிப் பயம் வடிவம் பெற்றுவிடுகிறது. வடிவம் தெரிந்த பயத்தோடு மல்லுக்கட்டலாம்.

கடைசிப் பத்து நாட்கள்

புதிதாக எதையும் தொடாதே. புதுப் புத்தகம், புது வினாத்தொகுப்பு, "இது கட்டாயம் வரும்" என்று கைப்பேசியில் சுற்றும் பட்டியல் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே நீ கையால் எழுதிய குறிப்பும், தவறுகளை எழுதிய அந்த நோட்டும் போதும்.

தூக்கத்தை விட்டுக்கொடுக்காதே. பகலில் படித்ததை மூளை அடுக்கிவைக்கும் நேரம் அது. தேர்வுக்கு முந்தைய இரவு தூக்கம் வராமல் போனால் பதறாதே. பலருக்கும் வராது. அதற்கு முந்தைய ஒரு வாரம் ஒழுங்காகத் தூங்கியிருந்தால், அந்த ஓர் இரவு உன்னைக் கவிழ்க்காது. கண்ணை மூடிப் படுத்திரு. எவராவது மாத்திரை வாங்கிக்கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. மருத்துவர் எழுதித் தராத எந்த மாத்திரையும் அந்த வாரத்தில் வாயில் போகக் கூடாது.

இன்னொரு வேலையும் இந்த நாட்களில் செய்ய வேண்டும், பலருக்கு இது பிடிப்பதில்லை. ஒரு தாள் எடுத்து, மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று எழுது. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம், வேளாண்மை, நர்சிங், பார்மசி ஆகியவற்றின் மாநில இடங்கள் இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்பட்டு வருகின்றன. எதற்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் பக்கத்தில் குறித்துவை. "தோற்றுவிடுவோம் என்று இப்போதே நினைக்கச் சொல்கிறீர்களா மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். இல்லையப்பா. ஒரே ஒரு கதவுதான் இருக்கிறது என்று நம்புகிறவனுக்கு அந்தக் கதவின் முன்னால் கை நடுங்கும். பக்கத்தில் இன்னொரு கதவு இருப்பதைக் கண்ணால் பார்த்தவன் முதல் கதவை நிதானமாகத் தட்டுவான்.

பையை வெள்ளிக்கிழமையே கட்டிவிடு. ஹால் டிக்கெட், புகைப்படங்கள், அசல் அடையாள அட்டை, லேபிள் இல்லாத, உள்ளே இருப்பது தெரியும் தண்ணீர் பாட்டில். விதிகள் ஆண்டுக்காண்டு சற்று மாறும், அதனால் அண்ணன் அக்கா சொன்னதை நம்பாமல் உன் ஹால் டிக்கெட்டில் அச்சடித்திருப்பதை வரி வரியாகப் படி. முடிந்தால் சனிக்கிழமை ஒரு முறை மையத்தின் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வா. பார்த்த வாசல் மறுநாள் பாதிப் பயம்தான் தரும்.

மூக்குத்தி, கம்மல், மோதிரம், இடுப்புக் கயிறு, கையில் கட்டிய கோயில் கயிறு இவற்றை மூன்று நாள் முன்பே வீட்டில் கழற்றிவிடு. காரணம் சொல்கிறேன். தீர்த்தமலையில் பூசை செய்து அம்மா கட்டிவிட்ட கறுப்புக் கயிற்றோடு வந்தாள் ஒருத்தி. வாசல் சோதனையில் அதைக் கழற்ற வேண்டியதாயிற்று. காவலாக நினைத்த ஒன்று கடைசி நிமிடத்தில் கையைவிட்டுப் போனதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த வருடத்திலிருந்து அம்மாக்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கயிற்றை வீட்டுச் சாமி படத்தின் முன்னால் வையுங்கள், பிள்ளை வரும்வரை அது அங்கே இருக்கட்டும். பிள்ளைகளும் அதை மனநிறைவோடு ஏற்றுக்கொள்கிறார்கள்.

வாசலும், பேனா தொடாத அந்த முக்கால் மணி நேரமும்

தேர்வன்று பழக்கமான சாப்பாடுதான். இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம். அன்றைக்கென்று சிறப்பாக எதுவும் சமைக்க வேண்டாம். இரண்டாவது டம்ளர் டீ வேண்டாம், ஏற்கெனவே ஓடுகிற இதயத்தை அது இன்னும் விரட்டும்.

1.30க்கு வாசல் கதவை மூடிவிடுவார்கள். உனக்குக் கொடுத்த நேரத்துக்கு அரை மணி முன்பே அங்கே இரு. வெளியே கும்பல் கும்பலாக நின்று, "அந்தப் பாடத்தில் இதைப் படித்தாயா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். விலகி நில். படிக்காத ஒன்றின் பெயரை அந்த நேரத்தில் கேட்பதைப் போல மனதைக் கலக்குவது வேறில்லை.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் உண்மையான சோதனை. கைரேகை, கையெழுத்து எல்லாம் முடிந்து 2 மணி வரை கையில் பேனா இருந்தும் எழுத எதுவும் இல்லாத நேரம். புத்தகம் இல்லை, பேச ஆள் இல்லை. மனம் தன்னிச்சையாக ஓடும். என் பிள்ளைகளில் பலர் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் உடைகிறார்கள். எனவே அந்த நேரத்துக்கென்று வேலை வைத்துக்கொள். உட்காரும் முன்பே கழிப்பறைக்குப் போய்வா. உட்கார்ந்ததும் இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து வை. மேசை ஆடுகிறதா, வெயில் முகத்தில் அடிக்கிறதா என்று பார், ஏதாவது சிரமம் என்றால் அப்போதே கண்காணிப்பாளரிடம் மரியாதையாகச் சொல். கேட்பது தப்பில்லை. பிறகு நீளமாக மூச்சை விட்டுக்கொண்டே, அன்று பின்பற்றப்போகும் வரிசையை மனதுக்குள் ஓட்டிப்பார்: முதலில் எது, எத்தனை நிமிடம், அடுத்தது எது.

மூன்று மணி நேரம்

2021 முதல் 2024 வரை இருந்த விருப்ப வினாக்களும், 2022 முதல் 2024 வரை இருந்த கூடுதல் நேரமும் 2025இல் நீக்கப்பட்டுவிட்டன. 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். உயிரியல் 90, வேதியியல் 45, இயற்பியல் 45. கேள்விக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கைப் பார்த்துப் பயப்படாதே, உயிரியல் கேள்விகளில் பலவற்றுக்கு அரை நிமிடமே அதிகம். என் பிள்ளைகள் உயிரியலில் தொடங்குவார்கள்: ஐம்பது நிமிடம். அடுத்து வேதியியல் ஐம்பத்தைந்து, இயற்பியல் அறுபது. மிச்சம் பதினைந்து நிமிடம் விட்டுப்போனவற்றுக்கு. நீ வேறு வரிசையில் பழகியிருந்தால் அதையே வைத்துக்கொள். அன்று மாற்றாதே.

முதல் பத்து நிமிடத்தில் உன் வேலை மதிப்பெண் வாங்குவதுகூட இல்லை, கையை ஓடவைப்பதுதான். தெரிந்த கேள்வியாகத் தேடிப் பத்துக்கு விடை குறி. தெரியாததன் பக்கத்தில் சிறு கோடு போட்டுவிட்டு நகர். ஒரு கேள்வியில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நிற்காதே, அது எவ்வளவு நன்றாகப் படித்த பாடமாக இருந்தாலும் சரி. "படித்தேனே, ஏன் வரவில்லை" என்ற வீம்பு பிடித்த கேள்விகள்தான் அதிக நேரத்தைத் தின்கின்றன.

எனக்கு 1999இல் வந்ததுபோல எல்லாம் வெறுமையாகிவிட்டால்? அப்போது எனக்கு யாரும் சொல்லித் தராததை உனக்குச் சொல்கிறேன். பேனாவைக் கீழே வை. வினாத்தாளைக் கவிழ்த்து வை. நீளமாக ஐந்து முறை மூச்சை விடு, ஒரு மடக்குத் தண்ணீர் குடி. பிறகு வினாத்தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கவென்று விட்டிருக்கும் இடத்தில், கண்ணை மூடிக்கொண்டும் வரையக்கூடிய ஒரு படத்தைச் சின்னதாக வரை. எங்கள் வகுப்பில் அது இதயம்: நான்கு அறை, நான்கு வால்வு, பெருந்தமனி. இதற்காகவே வருடம் முழுக்க அதை வரையவைக்கிறேன். ஒரு நிமிடம் ஆகும். நூறு முறை வரைந்த படத்தைக் கை வரையத் தொடங்கியதும், நினைவு எங்கும் போய்விடவில்லை என்பது உனக்கே தெரியும். அதன் பிறகு ஒரு சுலபமான கேள்வியைத் தேடு. இத்தனைக்கும் மூன்று நிமிடம்தான் செலவு. நான் இழந்தது இருபது.

தெரியாத கேள்விகளைப் பற்றி ஒரு கணக்கு. சரியானால் 4, தவறானால் 1 கழிவு, விட்டுவிட்டால் பூஜ்யம். நான்கு விடைகளில் இரண்டை உறுதியாக நீக்க முடிந்தால் மீதி இரண்டில் ஒன்றைக் குறிப்பது இலாபம்தான்: அப்படிப் பத்துக் கேள்வியில் ஐந்து சரியானால் 20 வந்து 5 போகும். எதையுமே நீக்க முடியாத கேள்வியில் கிடைக்கும் ஆதாயம் மிகச் சொற்பம், அதைவைத்து மனதை அலைக்கழிக்க வேண்டாம், விட்டுவிடு. இந்த விதியை வீட்டிலேயே முடிவு செய்துகொள். அறைக்குள் ஒவ்வொரு கேள்விக்கும் புதிதாக யோசித்தால் களைத்துப்போவாய்.

வினாத்தாளில் தமிழோடு ஆங்கிலமும் இருக்கும். தமிழ் வாக்கியம் புரியாமல் முறைத்தால் அது உன் குறை இல்லை, ஆங்கில வரியைப் பார். முரண்பாடு இருந்தால் ஆங்கிலமே இறுதி என்பது விதி. அதனால் அறிவியல் சொற்களை இரண்டு மொழியிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று வருடம் முழுக்கப் படித்துப் படித்துச் சொல்கிறேன்.

ஒரு பகுதி மிகக் கடினமாக இருந்தால், எல்லோருக்கும் அப்படித்தான். 2025 மே 4 அன்று இயற்பியல் நீளமாகவும் கடினமாகவும் இருந்தது. பல பிள்ளைகள் அழுதுகொண்டே வெளியே வந்தார்கள். இடம் தருவது தரவரிசைதான். அந்த வருடம் எல்லோருடைய மதிப்பெண்ணும் இறங்கியது. உனக்குக் கடினமாக இருக்கும் நொடியில், பக்கத்து மேசையில் இருப்பவனும் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறான் என்பதை நினைவில் வை.

அப்பா அம்மாவிடம் ஒரு வேண்டுகோள்

நீங்கள் வாசலில் பிள்ளையிடம் சொல்லும் கடைசி வார்த்தை உள்ளேயும் கூடவே போகிறது. கடன், நகை, நிலம், சொந்தக்காரர்கள், "உன்னை நம்பித்தான் இருக்கிறோம்" எதுவும் அந்த வாசலில் வேண்டாம். உங்கள் தியாகம் பிள்ளைக்குத் தெரியும். தெரியாமல் இருந்தால் அவ்வளவு பயப்படாது. "நன்றாக எழுது" என்பதுகூட ஒரு சுமைதான். "தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டாயா? ஐந்து மணிக்கு இந்த மரத்தடியில்தான் இருப்பேன்" என்று சொல்லுங்கள். மூன்று மணி நேரம் கழித்து, எப்படி எழுதியிருந்தாலும், தனக்காக ஒருவர் அங்கே நிற்கிறார் என்பது போதும்.

வெளியே வந்ததும் "எத்தனை வரும்?" என்று கேட்காதீர்கள். "பசிக்கிறதா?" என்று கேளுங்கள்.

பரீட்சைப் பயத்தைத் தாண்டினால்

மேலே சொன்னவை சாதாரணப் படபடப்புக்கு. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, புத்தகத்தைப் பார்த்தாலே அழுகை வருகிறது, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், அது தனியாகத் தாங்க வேண்டிய விஷயம் இல்லை. அன்றைக்கே சொல். அம்மாவிடம், டீச்சரிடம், யாரிடம் வாய்வருகிறதோ அவரிடம். அரசின் உதவி எண்ணான 104க்கு அழைத்தால் ஆலோசகர் தமிழில் பேசுவார். மனநல உதவிக்கான அரசுத் தொலைபேசிச் சேவை டெலி மனாஸின் எண் 14416, இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நானே இரண்டு பிள்ளைகளை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். காய்ச்சலுக்குப் போவது போலத்தான் போய்வந்தோம். அதில் ஒருத்தி அந்த வருடம் தேர்வே எழுதவில்லை. இன்று நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். உயிரோடும் சிரிப்போடும் இருக்கிறாள், எனக்கு அதைவிடப் பெரிய தரவரிசை இல்லை.

பெற்றோருக்கும் இதுவே: பிள்ளை சாவைப் பற்றி ஒரு முறை பேசினாலும் "சும்மா சொல்கிறது" என்று விடாதீர்கள். பக்கத்திலேயே இருங்கள், தனியாக விடாதீர்கள், உதவியைக் கூப்பிடுங்கள்.

திரும்பும் பஸ்

ஐந்து மணிக்கு வெளியே வந்தவுடன் கைப்பேசியில் விடைக்குறிப்புகள் வரத் தொடங்கிவிடும். அன்று மாலை வரும் குறிப்புகளிலேயே ஒன்றுக்கொன்று முரண்படும் விடைகள் இருக்கும். அதிகாரப்பூர்வமான விடைக்குறிப்பு சில வாரம் கழித்துத்தான் வரும், அதை மறுத்து முறையிடவும் வழி உண்டு. அதனால் எங்கள் பஸ்ஸில் ஓர் ஒப்பந்தம் உண்டு. கணவாயைத் தாண்டிப் பாப்பிரெட்டிப்பட்டி வரும்வரை எந்தக் கேள்வியைப் பற்றியும் எவரும் வாய்திறக்கக் கூடாது.

சேலத்தில் ஏறும்போதே மாம்பழம் வாங்கிவிடுவேன். மே மாதம், நல்ல பழம் கிடைக்கும். பஸ் வளைவுகளில் இறங்கும்போது, காலையில் ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்திருந்தவள் முழங்கைவரை சாறு வழியக் கொட்டையைச் சப்பிக்கொண்டிருப்பாள். சிலர் தூங்கிவிடுவார்கள். நான் யாரையும் எழுப்புவதில்லை, அரூர் வரட்டும்.